எலியின் நீச்சலும் மனிதனின் சோர்வும்: கன்னாபிடயால் ஆய்வுகளை எப்படி வாசிப்பது

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஒருவர் 'மன அழுத்தம்' என்று சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்பதை உடனே முடிவுகட்டிவிட முடியாது. ஆம்பூரில் ஏற்றுமதிக்கான ஷூவின் மேல்பாகங்களைத் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர், சரக்கு அனுப்ப வேண்டிய கெடு நெருங்கும் வாரத்தில் தூக்கம் கெட்டுத் தவிப்பதை அச்சொல்லால்தான் குறிப்பிடுகிறார். அதே தெருவில் ஆறு மாதமாக யாருடனும் பேசப் பிடிக்காமல், ஆசையாகச் சாப்பிட்ட எதுவும் ருசிக்காமல், காலையில் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடக்கும் பெண்ணைப் பற்றியும் அக்கம்பக்கத்தார் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, நெருக்கடிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. இரண்டாவது, மருத்துவம் வேண்டிய நோய். இக்கட்டுரையில் முன்னதை மன அழுத்தம் என்றும் பின்னதை மனச்சோர்வு என்றும் பிரித்தே எழுதுகிறேன். முன்னது நீடித்தால் பின்னதற்கு வழிவிடும் என்பதும், அந்த வழியை விலங்குகளில் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கலாம் என்பதும்தான் நாம் பேசப்போகும் ஆய்வுகளின் அடிப்படை என்பதால் இந்தப் பிரிவினை அவசியமாகிறது.

எழுதத் தூண்டியது ஒரு புகைப்படம். மேலே சொன்னது போன்ற தொழில் செய்யும் நண்பர் ஒருவர், இணையத்தில் வாங்கிய சிறிய பழுப்பு நிறப் புட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதனுடன் "கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் சிபிடி எண்ணெய் மனச்சோர்வைப் போக்குகிறது, எலிகளில் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்ற செய்தித் துணுக்கும் இருந்தது. அவருடைய மனைவி ஓராண்டாக எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா என்பது நண்பரின் கேள்வி. மாறக்கூடாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். ஆனால் 'எலிகளில் நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல இயலவில்லை. அது முழுப்பொய்யும் இல்லை. நண்பர் புரிந்துகொண்ட பொருளில் உண்மையும் இல்லை.

சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்னாபிடயால் என்பது கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுச் சேர்மங்களுள் ஒன்று. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ராஜர் ஆடம்ஸ் 1940-இல் இதைப் பிரித்தெடுத்தார்; இதன் சரியான மூலக்கூறு அமைப்பை இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யுவல் ஷ்வோவும் 1963-இல் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், அதாவது டிஎச்சி, அதே ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான்: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். டிஎச்சியில் மூடிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் கன்னாபிடயாலில் திறந்து கிடக்கிறது. மூளைச் செல்களின் மேல், குறிப்பிட்ட வேதிப்பொருட்கள் வந்து பொருந்தும் பூட்டுப் போன்ற புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். அவற்றுள் சிபி1 ஏற்பியில் டிஎச்சி சென்று பொருந்துவதால் போதை வருகிறது. வளையம் திறந்த வடிவத்தால் கன்னாபிடயால் அந்த இடத்தில் சரியாகப் பொருந்துவதில்லை. எனவே அது போதை தருவதில்லை. காட்பாடி சந்திப்பில் ரயில்வே போலீசார் பெட்டிக்கடியிலிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பிடித்ததாக நாம் அடிக்கடி நாளிதழில் வாசிக்கும் சரக்கு டிஎச்சிக்காகவே விலைபோவது. அதைப் புகைப்பதற்கும் இந்த ஆய்வுகளுக்கும் தொடர்பில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பதின்ம வயதில் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்றுதான், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் பகுப்பாய்வு ஒன்று கூறுகிறது.

இனி எலிகளுக்கு வருவோம். தமிழில் 'எலி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வகத்தில் இருப்பவை இரண்டு: 30 கிராம் எடைகூட வராத வெள்ளைச் சுண்டெலி, அதைப்போல் பத்து மடங்கு எடையுள்ள வெள்ளெலி. இந்த வேறுபாடு மருந்தின் அளவைக் கணக்கிடும்போது முக்கியமாகும் என்பதால் நினைவில் இருக்கட்டும்.

எலிக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? மனநல மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் எலியால் பதில் சொல்ல முடியாது. குற்ற உணர்வு, தன்மீதான வெறுப்பு, சாகத் தோன்றும் எண்ணம் ஆகியவை அதற்கு உண்டா என்பதை அறிய வழியே கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் நடத்தையை அளக்கிறார்கள். அவற்றுள் மிகப் புகழ்பெற்றதும் மிக அதிகமாகச் சர்ச்சைக்கு உள்ளானதும் பிரெஞ்சு ஆய்வகமொன்றில் போர்சோல்ட் என்பவர் 1977-இல் வகுத்த கட்டாய நீச்சல் சோதனை. ஏறி வெளியேற முடியாத உயரமான கண்ணாடி உருளையில் தண்ணீர் நிரப்பிச் சுண்டெலியை அதில் விடுவார்கள். முதலில் அது பதறி நீந்தும், சுவரைப் பிறாண்டும். சிறிது நேரத்தில் மூக்கு மட்டும் மேலே தெரியும்படி அசையாமல் மிதக்கத் தொடங்கும். ஆறு நிமிடச் சோதனையில் கடைசி நான்கு நிமிடங்களில் எத்தனை விநாடி அசைவற்று இருந்தது என்பதை எண்ணுவார்கள். இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த அசைவற்ற நேரத்தைக் குறைக்கின்றன. ஆகவே வேறொரு பொருளும் அதைக் குறைத்தால் அது மனச்சோர்வு மருந்தாக அமையக்கூடும் என்பது தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதை, கிணற்றில் நீச்சல் பழகிய எவரும் உடனே கண்டுகொள்வார்கள். பாலாறு வறண்டு போன காலத்தில் வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மோட்டார்க் கிணறுதான் நீச்சல் பள்ளி. புதிதாகக் குதித்தவன் கைகாலை அடித்துத் தண்ணீர் குடிப்பான். பழகியவன் களைத்ததும் மல்லாந்து மிதப்பான். மிதப்பவன் வாழ்க்கையில் நம்பிக்கை இழந்துவிட்டான் என்று கரையில் நிற்பவர் யாரும் சொல்வதில்லை. அசையாமல் மிதப்பது விரக்தியா, அல்லது வெளியேற வழியில்லை என்று தெரிந்தபின் ஆற்றலைச் சேமிக்கும் கெட்டிக்காரத்தனமா என்ற கேள்வி ஆய்வுலகிலும் பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. இப்போது பலரும் அதை 'விரக்தி' என்று எழுதுவதைத் தவிர்த்து, நெருக்கடியைச் செயலற்றுச் சமாளிக்கும் முறை என்றே குறிப்பிடுகிறார்கள். இதனால் சோதனை வீணென்று ஆகிவிடாது. மருந்துகளைச் சலித்தெடுக்க அது உதவும் சல்லடை. சல்லடையில் நின்றதெல்லாம் அரிசி ஆகிவிடாது, அவ்வளவுதான்.

கன்னாபிடயாலை இந்தச் சல்லடையில் இட்டவர்களுள் முக்கியமானவர்கள் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ராவ் பிரேத்தோ வளாகத்தினர். அங்கே பதற்றத்தின் மீது கன்னாபிடயாலுக்குள்ள விளைவு பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வில், சுண்டெலிகளுக்குக் கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் கன்னாபிடயாலை வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்தியபோது அசைவற்ற நேரம் குறைந்தது. அதே அளவு இமிப்ரமின் தந்த விளைவுக்கு அது ஈடாக இருந்தது. அதைவிடக் குறைந்த அளவுகளிலும் பலன் இல்லை, 100 மில்லிகிராமாக உயர்த்தியபோதும் பலன் இல்லை. மேலேறி மீண்டும் கீழிறங்கும் இந்தக் கவிழ்ந்த கிண்ண வடிவம் கன்னாபிடயால் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று. 'கொஞ்சம் போட்டால் நல்லது, நிறையப் போட்டால் மிக நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

அந்த ஆய்வின் உண்மையான மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. செரட்டோனின் என்ற நரம்புக் கடத்திக்கு மூளையில் பலவகை ஏற்பிகள் உண்டு. அவற்றுள் 5-எச்டி1ஏ என்ற ஏற்பியை அடைத்துவிடும் ஒரு வேதிப்பொருளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கன்னாபிடயாலைச் செலுத்தியபோது பலன் காணாமல் போனது. அதாவது கன்னாபிடயால் சுண்டெலியை வெறுமனே துருதுருப்பாக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கதவு வழியாக வேலை செய்கிறது. அதே குழு 2018-இல் இன்னொரு கோணத்தில் இதை உறுதிசெய்தது. மூளையில் செரட்டோனின் உற்பத்தியையே வற்றச் செய்துவிட்ட சுண்டெலிகளில் கன்னாபிடயால் பலிக்கவில்லை. தனித்தனியாகக் கொடுத்தால் பயன் தராத சிறு அளவுகளில் கன்னாபிடயாலையும் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பலித்தது. நண்பரின் மனைவி சாப்பிடும் மாத்திரையும் செரட்டோனினைச் சார்ந்ததே என்பதை இவ்விடத்தில் குறித்து வையுங்கள்; மீண்டும் வருவோம்.

துருதுருப்பு என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று, என் கணிப்பில், இந்த வரிசையிலேயே மிகச் சாமர்த்தியமானது. சுண்டெலியின் மூளையில் வாசனையை அறியும் முகர்வுக் குமிழ்களை அகற்றிவிட்டால், பல வாரங்களில் அது ஓயாமல் அலைபாயும் பிராணியாக மாறுகிறது. இனிப்பு நீரில் அதற்கிருந்த நாட்டமும் குறைகிறது. 2016-இல் வெளியான அந்த ஆய்வில், கிலோவுக்கு 50 மில்லிகிராம் கன்னாபிடயால் அலைபாய்தலைக் குறைத்தது. நீச்சல் உருளையில் அசையாத எலியை அசையவைத்த அதே பொருள், இங்கே அடங்காத எலியை அடக்குகிறது. வெறும் ஊக்கியாக இருந்தால் இரண்டாவது நடக்காது, வெறும் மயக்கியாக இருந்தால் முதலாவது நடக்காது. முதல் ஊசிக்குப் பின்னரே விளைவு தெரிந்ததும், மூளையின் முன்புற நடுப்பகுதியில் செரட்டோனினும் குளூட்டமேட் என்ற இன்னொரு நரம்புக் கடத்தியும் கூடியதும் அந்த ஆய்வில் பதிவாகியுள்ளன.

வேகம் ஏன் முக்கியம் என்பதை, மனச்சோர்வு மாத்திரை தொடங்கியவர்களின் வீட்டார் அறிவார்கள். முதல் மாத்திரையிலிருந்து மனம் தெளியத் தொடங்கும் வரை சில வாரங்கள் ஆகின்றன. வாய் உலர்தல், குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் நாளே வந்துவிடுகின்றன. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பலரும் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். பலவகை மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முழுமையாகத் தேறுவதில்லை. மயக்க மருந்தான கீட்டமின் சில மணி நேரத்திலேயே பலன் தருவதாகத் தெரியவந்தபோது ஆய்வுலகம் பரபரப்படைந்ததற்கும் இதுவே காரணம். கீட்டமினுக்கு உள்ள போதைத் தன்மை இல்லாமல் அதே வேகம் கிடைக்குமா என்ற தேடலில்தான் கன்னாபிடயால் மீது கண்கள் திரும்பின. 2019-இல் பிரேசில், டென்மார்க் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், ஒரே ஒரு முறை செலுத்தப்பட்ட கன்னாபிடயாலின் விளைவு அரை மணி நேரத்திலும் காணப்பட்டது, ஏழு நாள் கழித்தும் காணப்பட்டது. மூளைச் செல்களுக்கு உரம்போல் பயன்படும் பிடிஎன்எஃப் என்ற புரதம் கூடியிருந்தது. முன்மூளைப் புறணியில் நரம்பு இணைப்புகளுக்குரிய புரதங்களும் கூடியிருந்தன. பிடிஎன்எஃப் சென்று சேரும் ஏற்பியை அடைத்தாலோ, செல்லுக்குள் புரத உற்பத்தியைத் தூண்டும் எம்டார் பாதையை ரப்பாமைசின் கொண்டு தடுத்தாலோ பலன் மறைந்தது. 2010-ஆம் ஆண்டின் ஆய்வில், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பிடிஎன்எஃப் கூடவில்லை, இதில் கூடியிருக்கிறது. இந்த முரணை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில், எந்த அளவுக்குப் பிறகு, மூளையின் எந்தப் பகுதியில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலையில்தான் இந்தத் துறை இன்னும் இருக்கிறது.

இதுவரை சொன்ன சோதனைகளில் பலவற்றில், சுண்டெலி நீண்டநாள் மன அழுத்தத்துக்கு ஆளாக்கப்படவே இல்லை. நலமாக இருந்த பிராணியைச் சில நிமிடம் தண்ணீரில் விட்டதோடு சரி. ஆனால் மனிதர்களின் அழுத்தம் அப்படி வருவதில்லை. அது வட்டிக்காரர் போல மாதா மாதம் வருவது. இதைப் போலச் செய்வதற்கு, கணிக்க முடியாத நாள்பட்ட அழுத்தம் என்ற முறை இருக்கிறது. ஒருநாள் கூண்டைச் சாய்த்து வைப்பது, மறுநாள் படுக்கையை நனைத்துவிடுவது, இன்னொரு நாள் இரவெல்லாம் விளக்கெரிய விடுவது, அடுத்து குறுகிய குழாயில் அடைத்து வைப்பது என்று வாரக்கணக்கில் மாற்றி மாற்றித் தொல்லை தருவார்கள். எது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் இதன் நோக்கம், ஏனெனில் பழகிப்போன தொல்லைக்கு உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சில வாரங்களில் அப்பிராணிக்கு ரத்தத்தில் அழுத்த ஹார்மோன் உயர்ந்து நிற்கிறது. மனிதர்களுக்குக் கார்டிசால் எப்படியோ அப்படி எலிகளுக்குக் கார்டிகோஸ்டீரோன். ஹிப்போகேம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்குகின்றன, புதிய செல்கள் பிறப்பது குறைகிறது. வெறும் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் வைத்தால் இயல்பாகச் சர்க்கரையை நாடும் பிராணி, இப்போது இரண்டையும் ஒன்றுபோல் குடிக்கிறது. முன்பு மகிழ்ச்சி தந்தது இப்போது தராமல் போவது மனிதரின் மனச்சோர்வுக்கும் முதன்மையான அடையாளம் என்பதால், நீச்சல் சோதனையைவிட இந்தச் சர்க்கரைத் தண்ணீரை நான் அதிகம் நம்புகிறேன்.

இத்தகைய அழுத்தத்துக்கு 14 நாள் ஆளான சுண்டெலிகளுக்கு அதே நாட்களில் தினமும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் கன்னாபிடயால் கொடுத்த ஆய்வு 2013-இல் வெளியானது. அவற்றிடம் பதற்ற நடத்தை குறைந்தது, ஹிப்போகேம்பஸில் புதிய செல்கள் பிறப்பதும் மீண்டது. புதிய செல்கள் பிறக்க முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அழுத்தம் மூளையில் செய்யும் சேதத்தையே இம்மருந்து தடுக்கக்கூடும் என்பதற்கு இதுபோன்ற சான்றுகள்தான் வலுவானவை. ஆனால் அங்கே முதன்மையாக அளக்கப்பட்டது பதற்றம். செய்தித் துணுக்குகளில் பதற்றமும் மனச்சோர்வும் ஒரே மூச்சில் ஒன்றாகிவிடுகின்றன. வேலூர்த் தெருவில் 'மன அழுத்தம்' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிப்போவது போல.

அந்த 2013 ஆய்வில் நம் உடலே சுரக்கும் கன்னாபினாய்டுகளின் பங்கும் தெரியவந்தது. அவற்றுள் முதலாவதாக 1992-இல் கண்டறியப்பட்டதற்கு அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனந்தம்தான் அது. இந்த ஆனந்தத்தை உடல் நீண்ட நேரம் அனுமதிப்பதில்லை. ஃபா என்ற நொதி விரைவில் சிதைத்துவிடுகிறது. கன்னாபிடயால் அந்த நொதியைத் தடுப்பதால் அனந்தமைடு கூடுகிறது என்பது எலி ஆய்வுகள் தந்த விளக்கம். இங்கேதான் எலிக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. எலியின் ஃபா நொதியைத் தடுக்கும் கன்னாபிடயால், மனிதரின் ஃபா நொதியைத் தடுப்பதில்லை என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. அனந்தமைடைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் புரதங்களை அது பற்றிக்கொள்வதால் மனிதரிலும் அனந்தமைடு கூடலாம் என்று அந்த ஆய்வாளர்களே மாற்று விளக்கமும் தந்தார்கள். விளைவு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் எலியில் கண்ட வழியே மனிதனிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அளவுக் கணக்குக்கு வருகிறேன். கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பதை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 1,800 மில்லிகிராம். அப்படிப் பெருக்குவது தவறு. உடல் சிறியதாக இருக்க இருக்க வளர்சிதை மாற்றம் வேகமாக நடக்கும். எனவே சுண்டெலிக்குரிய அளவை ஏறக்குறைய 12-ஆலும் வெள்ளெலிக்குரிய அளவை ஏறக்குறைய 6-ஆலும் வகுப்பது மருந்தியலில் வழக்கம். அதன்படி, சுண்டெலியின் 30 மில்லிகிராம் என்பது நம் மனிதருக்குத் தோராயமாக 150 மில்லிகிராம், வெள்ளெலியின் 30 என்றால் தோராயமாக 300. ஒரு புட்டியில் 30 மில்லிலிட்டரும் அதில் மொத்தம் 1,000 மில்லிகிராம் கன்னாபிடயாலும் இருப்பதாகக் கொள்வோம். இரவில் நாக்கின் அடியில் பத்துச் சொட்டு விட்டால் கிடைப்பது 17 மில்லிகிராமுக்குள். 150 மில்லிகிராம் வேண்டுமென்றால் தினமும் நாலரை மில்லிலிட்டர் குடித்து ஒரு வாரத்தில் புட்டியைக் காலி செய்ய வேண்டும்.

இதுவும் ஊசிக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னது. பெரும்பாலான எலி ஆய்வுகளில் மருந்து வயிற்றறைக்குள் ஊசியாகப் போகிறது. வாய்வழியே விழுங்கும் கன்னாபிடயால் கல்லீரலைக் கடக்கும்போதே பெரும்பகுதி அழிக்கப்பட்டு, வெறும் வயிற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் அந்த அளவு நான்கு மடங்குவரை உயரும். ஆம்பூர் பிரியாணிக்குப் பின் விழுங்குவதும் ஏகாதசி விரதத்தில் விழுங்குவதும் ஒரே மருந்து இல்லை என்றே சொல்லலாம்.

மனிதரில் சான்று என்ன? பொதுமேடையில் பேசும்போது வரும் பதற்றத்தின் மீது பிரேசிலில் நடந்த சிறு சோதனை ஒன்றில் 300 மில்லிகிராம் பலித்தது. 150-உம் 600-உம் பலிக்கவில்லை. அதே கவிழ்ந்த கிண்ணம். மனச்சோர்வுக்கு மருந்தாக இதை எந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஏற்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் ஏற்றது குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்காக மட்டுமே; 2020-இல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. அங்கே கொடுக்கப்படும் அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 முதல் 25 மில்லிகிராம், அதுவும் கல்லீரல் நொதிகளை ரத்தப் பரிசோதனையில் கண்காணித்துக்கொண்டே. வலிப்பு மருந்துகள் அனைத்துக்கும் உரிய பொது எச்சரிக்கை ஒன்று அம்மருந்தின் குறிப்பேட்டிலும் இருக்கிறது. தற்கொலை எண்ணங்கள் தோன்றுகின்றனவா, மனநிலை மோசமாகிறதா என்று கவனிக்கச் சொல்கிறது அந்த எச்சரிக்கை. மனச்சோர்வைப் போக்கும் என்று விற்கப்படும் பொருளின் அதிகாரப்பூர்வ வடிவத்தில் இப்படி அச்சாகியிருப்பதை விளம்பரங்கள் எடுத்துச் சொல்வதில்லை.

எஸ்சிடாலோபிராமை இப்போது எடுத்துக்கொள்வோம். அதைக் கல்லீரலில் சிதைக்கும் முக்கிய நொதிகளைக் கன்னாபிடயால் தடுக்கிறது. சிதைவது குறைந்தால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் உயரும். மனிதரில் அப்படி உயர்வதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் செரட்டோனின் வழியில் வேலை செய்பவை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். எலிகளில் ஃப்ளூஆக்ஸெடினும் கன்னாபிடயாலும் ஒன்றையொன்று தூக்கிவிட்டதைப் படித்து மகிழ்பவர்கள், அந்த எலிகளுக்கு இரண்டின் அளவையும் ஒருவர் எடைபோட்டுக் கொடுத்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் இதே கவலை உண்டு. வேலூரில் சிஎம்சி மருத்துவமனை அருகே காந்தி ரோட்டு விடுதிகளில் தங்கி, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மாதக்கணக்கில் சிகிச்சைக்கு வந்திருப்பவர்களில் எத்தனை பேர் கைப்பையில் இதுபோன்ற புட்டியையும் வைத்திருக்கிறார்கள் என்று சில சமயம் நினைப்பதுண்டு. மருத்துவரிடம் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்ற கேள்விக்கு எண்ணெயை யாரும் மருந்தாகச் சொல்வதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 'கஞ்சா' என்றால் செடியின் பூக்கும் காய்க்கும் நுனிகள்; அவற்றோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இந்த இடுக்கின் வழியாகத்தான் இலைச்சாறு சேர்ந்த ஆயுஷ் தயாரிப்புகள் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படுகின்றன. விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. அனுமதி இருப்பதாலேயே புட்டிக்குள் சொன்னது இருக்கும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவில் இணையம் வழியே வாங்கிய 84 கன்னாபிடயால் தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18-இல் டிஎச்சியும் இருந்தது.

நம் பக்கத்துத் தேவை இதைவிட எளிமையானது. 2015-16-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை. நிரூபிக்கப்பட்ட மாத்திரை, விலை மலிவான மாத்திரை, மருந்துக் கடையில் இருக்கிறது. அதைச் சீட்டெழுதித் தரக்கூடியவரிடம் போவதுதான் நடக்காமல் இருக்கிறது. பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. பேருந்தில் அந்த நிறுத்தத்தில் இறங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-க்கு வீட்டிலிருந்தே, தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். இணையத்தில் புட்டி வாங்குவதற்கு ஒரு காரணம், அதை வாங்கும்போது யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை என்பதும்தான். அதை நான் பழிக்க மாட்டேன்.

நண்பர் அனுப்பிய படத்தை, பதில் எழுதியபின் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கஞ்சா இலை படம். பக்கவாட்டில், கணினி மொழிபெயர்த்த தமிழில், 'சணல் விதை எண்ணெய்' என்று இருந்தது. சணல் என்பது நமக்குக் கோணிப்பை. அவர்கள் சொல்ல வந்தது கஞ்சா விதை. கன்னாபிடயால் உருவாவது பூவிலும் இலையிலும் உள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். விதைக்குள் அது உண்டாவதில்லை, விதையைப் பிழிந்த எண்ணெயில் ஒட்டிவந்த துகள் அளவுக்குத்தான் இருக்கும். சமையலுக்குரிய எண்ணெயைத்தான் நண்பர் மருந்து விலைக்கு வாங்கியிருந்தார். தொலைபேசியில் இதைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ இட்லிப் பொடிக்குக் குழைச்சுக்கலாமாண்ணா?" என்றார். குழைத்துக்கொள்ளலாம், ஆனால் மனைவியின் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.